ஙெலி: சேர்வராயன் சரிவுக்காகக் கட்டிய மொழியும் அதற்குள் ஒளிந்திருந்த தமிழும்

சேர்வராயன் மலைச்சரிவில் பேசப்படுவதாகக் கற்பனை செய்து, சேலத்து நடிகர்கள் மேடையில் பேசுவதற்காகக் கட்டப்பட்ட மொழி ஙெலி. அந்த மொழியிலேயே ‘ஙெலி’ என்றால் சரிவு. இந்த ஆய்வு அதன் முதல் வரைவையும் திருத்திய வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது: எது உடைந்தது, ஏன் உடைந்தது, எப்படிச் சரி செய்யப்பட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளி பழங்குடி மக்கள் பேசுவது தமிழ். மலையில் வாழ்பவர்கள் என்பதால் வந்த பெயர் அது, கேரளத்து மலையாள மொழியோடு அதற்குச் சம்பந்தம் கிடையாது. ஙெலி அவர்களுடைய மொழியும் அல்ல, அவர்கள் மறந்துபோன மொழியும் அல்ல. இப்படி ஒரு மொழியை மேடையேற்றும்போது அந்த மயக்கத்துக்குத் துளியும் இடம் தரக் கூடாது. அதனால் அவர்களுடைய ஊர்வழக்குச் சொற்களில் ஒன்றுகூட ஙெலிக்குள் எடுக்கப்படவில்லை.

முதல் வரைவில் தெரிந்த கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சொற்கள் புதிது, ஒலி புதிது, ஆனால் வாக்கியத்தைத் திருகிப் பார்த்தால் உள்ளே தமிழ் உட்கார்ந்திருந்தது. மொழி கட்டுபவருக்குத் தன் தாய்மொழி கண்ணுக்குத் தெரியாது. ‘இதெல்லாம் எல்லா மொழியிலும் இருப்பதுதானே’ என்று அவர் நினைக்கிற இடத்தில்தான் அது இருக்கும்.

ஒலிகள்

மெய் பதினொன்று: ப, த, க, ம, ந, ங, ய, ர, ல, வ, ஸ. உயிர் நான்கு: அ, இ, உ, எ. நெடில் கிடையாது. ந, ன இரண்டும் ஒரே ஒலிதான். தமிழ் எழுதும் பழக்கப்படி சொல் முதலில் ந, மற்ற இடத்தில் ன என்று எழுதப்படுகிறது. ச என்று எழுதினால் ஒருவர் ‘ச்ச’ என்பார், இன்னொருவர் ‘ஸ’ என்பார். அதைத் தவிர்க்கவே ஸ.

ட, ண, ள, ழ, ற ஐந்தையும் தூக்கியதும் பாதித் தமிழ் வாசனை போய்விட்டது. மீதியைப் போக்கியவை சொல்முதல் எழுத்துகள். பழைய தமிழ்ச் சொற்கள் ர, ல என்று தொடங்குவதில்லை, ‘அரங்கன்’, ‘இலாபம்’ என்று முன்னால் ஓர் உயிரை ஒட்டிக்கொள்வார்கள். ஙகரம் இன்னும் மோசம். குழந்தைக்கு ங சொல்லிக் கொடுக்கும்போது அதில் தொடங்கும் சொல் கிடைக்காமல் ‘சங்கு’ படத்தைக் காட்டுகிறோம். உலக அளவில் இது அவ்வளவு அரிதல்ல. உலக மொழிகளின் அமைப்பைத் தொகுத்துத் தரும் மொழி அமைப்பு அட்லஸில் (WALS) இந்த ஒலிக்காகப் பார்க்கப்பட்ட 469 மொழிகளில் 146 மொழிகளில் சொல்லின் முதலில் ங வரும். எனவே ஙெலிக்கு அது தகும்.

நடிகர் வாயில் அது வருவதுதான் வேலை. ‘ஙெலி’ என்று எழுதிக் கொடுத்தால் ‘ஞெலி’ என்றோ ‘ங்கெலி’ என்றோதான் முதலில் வரும். பயிற்சி இப்படி: ‘ஏனுங்க’ என்று சொல்லச் சொல்லி, ‘ங்’ வந்த இடத்தில் நாக்கை அப்படியே நிறுத்த வேண்டும். பின்நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கும், மூச்சு மூக்கு வழியாகப் போகும். அங்கிருந்து ‘க’ வெடிக்காமல் நேராக எகரத்துக்குத் திறக்க வேண்டும். ‘ஏனுங்–எ’, ‘ங்–எ’, ‘ஙெ’. சேலத்துப் பேச்சில் ‘வாங்க, சொல்லுங்க’ என்று நாள் முழுக்க ங் புழங்குவதால் ஒலி புதிதல்ல, அது நிற்கும் இடம்தான் புதிது.

இனி உண்மையான கோளாறு. முதல் வரைவில் சொற்கள் மெய்யில் முடியலாம் என்று இருந்தது: ‘ரெக்’ (ஆள்), ‘பெல்’ (கல்). செயலைச் செய்தவரைக் காட்டும் உருபு ‘-உ’. அதாவது ‘ரெக்’ என்றால் வெறும் ஆள், ‘ரெகு’ என்றால் செய்த ஆள். தாளில் பார்க்க அழகு. வாயில் வைத்ததும் செத்தது. பேச்சுத் தமிழில் மெய்யீற்றுச் சொல் தனியாக நிற்பதில்லை. கால் ‘காலு’ ஆகும், கல் ‘கல்லு’ ஆகும். அந்தப் பழக்கத்தில் ‘பெல்’ தானாகவே ‘பெல்லு’ ஆகிறது, ‘ரெக்’ ‘ரெக்கு’ ஆகிறது. உருபு உள்ள சொல்லும் இல்லாத சொல்லும் ஒன்றாகிவிட்டன. செய்தவன் யார், பட்டவன் யார் என்பதைச் சுமக்கும் ஒரே தூண் அந்த உகரம்தான், அது ஒவ்வொரு சொல்லிலும் இலவசமாக ஒட்டிக்கொண்டது. போதாததற்கு, உருபாகவே வந்த உகரமும் ‘ரெகு’வில் பேச்சு வேகத்தில் தேய்ந்து காதில் விழவே இல்லை.

திருத்தம் இரண்டு. சொல் மெய்யில் முடியக் கூடாது, உகரத்திலும் முடியக் கூடாது. எனவே ஈறு அ, இ, எ மட்டுமே. சொல்லுக்குள் அசையை மூட ன், ல் மட்டும் வரலாம். இப்போது அசைகளின் கணக்கு: 11 மெய்யோடு 4 உயிர் சேர்ந்து 44, தனி உயிர் 4, ஆக 48. ஒவ்வொன்றும் திறந்தோ, ன் கொண்டோ, ல் கொண்டோ மூடலாம் என்பதால் 144. மேடைக்கு வேண்டிய சில நூறு சொற்களுக்கு இது தாராளம்.

இரண்டு உயிருக்கு நடுவில் வரும் ப, த, க தமிழ்ப் பழக்கத்தில் மெலிந்து ஒலிக்கும். இதைத் திருத்தப் போராட வேண்டாம் என்று முடிவானது. மெலிந்த ஒலியும் வல்லொலியும் எந்தச் சொல்லையும் வேறாக்கவில்லை என்றால் அது எப்படி ஒலித்தாலும் ஒன்றுதான்.

வினை முதலில்

தமிழ்போல இல்லாமல் வினை வாக்கியத்தின் தொடக்கத்தில் வர வேண்டும் என்பது முதல் நாளிலேயே எடுத்த முடிவு: வினை, செய்தவர், செயப்படுபொருள். அட்லஸில் சொல்வரிசைக்காகப் பார்க்கப்பட்ட ஆயிரத்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் 95 தான் இப்படி. குறைவு, ஆனால் இயல்புக்கு மாறானதல்ல. வெல்ஷ் மொழியும் பாலினீசிய மொழிகள் பலவும் இந்த வகை.

பிழை இங்கே நடந்தது: வினையை மட்டும் முன்னால் தூக்கி வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் தமிழ் வைத்த இடத்திலேயே விட்டது. உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டின, உடைமையாளர் முன்னால் வந்தார், ‘மேலே போன மாடு’ என்பதுபோலப் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நின்றது, கேள்விக்கு வாக்கியக் கடைசியில் ஓர் ‘ஆ’. 1963இல் மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 30 மொழிகளை ஒப்பிட்டு, மொழிகளுக்குப் பொதுவான போக்குகளாக 45 பொதுமைகளை முன்வைத்தார். அதில் மூன்றாவது, வினை முதலில் வரும் மொழிகள் எப்போதும் முன்னிடைச்சொல் (பெயருக்குப் பின்னால் ஒட்டாமல் முன்னால் நிற்கும் உருபுச்சொல்) கொண்டவை என்கிறது. பெயரெச்சம் முன்னால் நிற்பது இன்னும் சிக்கல். வினைக்குப் பின்னால் செயப்படுபொருளை வைத்துவிட்டு, பெயரெச்சத் தொடரை மட்டும் பெயருக்கு முன்னால் வைக்கும் மொழிகள் சீனமும் அதைச் சுற்றிய சிலவும்தான்.

புனைமொழி எல்லாப் பொதுமைகளுக்கும் கட்டுப்பட்டாக வேண்டும் என்பதில்லை. மீறுவதென்றால் காரணம் வேண்டும். இங்கே காரணம் எதுவும் இல்லை, பழக்கம் மட்டுமே இருந்தது. எனவே எல்லாமே திரும்பின. செய்தவரைக் குறிக்கும் உருபு ‘மி’ ஆகி, பெயருக்கு முன்னால் தனிச்சொல்லாக நின்றது. சமோவ மொழியில் இதே வேலையைப் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘எ’ செய்கிறது. இதனால் உகரச் சிக்கலும் சேர்ந்தே தீர்ந்தது. இடத்துக்கு ‘ல’, பெறுபவருக்கு ‘ய’, உடைமைக்கு ‘எ’, மூன்றும் பெயருக்கு முன். கேள்விச்சொல் ‘ஙி’ வாக்கிய முதலில்.

திரனனெ பகெ.
(தி ‘மேல்நோக்கி’ + ரன ‘நகர்’ + னெ ‘கண்டது’, பகெ ‘காட்டெருமை’)
காட்டெருமை மேல போச்சு, பாத்தேன்.

மலினெ மி பகெ மிலகெ.
(மலி ‘தின்’ + னெ; மி ‘செய்தவர்’; மிலகெ ‘மிளகு’)
காட்டெருமை மிளகைத் தின்னுச்சு, பாத்தேன்.

முதல் வாக்கியத்தில் காட்டெருமைக்கு உருபு இல்லை, இரண்டாவதில் ‘மி’ வந்துவிட்டது. தமிழ் செயப்படுபொருளுக்கு ஐ போட்டு, எழுவாயைச் சும்மா விடும். ஙெலி செய்தவருக்கு அடையாளம் போட்டு, தின்னப்பட்டதையும் தானாக நகர்ந்ததையும் ஒரே மாதிரி சும்மா விடுகிறது. இதைத்தான் எர்கேட்டிவ் அமைப்பு என்கிறார்கள். பாஸ்க், ஆஸ்திரேலியாவின் டிர்பல், சமோவம் எல்லாம் இந்த வழி.

ஆனால் ‘நான்’, ‘நீ’ இரண்டுக்கும் ‘மி’ வராது. எர்கேட்டிவ் மொழிகள் பலவற்றில் பேசுபவரும் கேட்பவரும் இந்த அடையாளத்திலிருந்து தப்பிப்பார்கள். செய்பவராக இருப்பது அவர்களுக்கு எதிர்பார்த்த விஷயம், காட்டெருமை செய்தால்தான் சுட்டிக்காட்ட வேண்டும். டிர்பலிலும் தன்மை, முன்னிலைப் பெயர்கள் தனி வழியில்தான் போகின்றன. ஙெலியில் அன ‘நான்’, இல ‘நீ’, அனிலெ ‘நாம்’, அனவெ ‘நாங்கள்’. நாம், நாங்கள் வேறுபாடு தமிழிலும் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, தெரிந்தே வைத்ததுதான். தெரியாமல் நுழைந்த தமிழ்தான் கோளாறு.

பெயரெச்சம் பெயருக்குப் பின்னால் போனதில் எதிர்பாராத ஆதாயம் ஒன்று கிடைத்தது. தமிழில் ‘பார்த்த ஆள்’ என்றால் பார்த்தவரும் ஆகலாம், பார்க்கப்பட்டவரும் ஆகலாம். ஙெலியில் ‘வெ’ என்ற இணைப்புக்குப் பின் தொடர் வரும். ‘ரெக வெ ஸெவில பகெ’ (ஸெ ‘அதே மட்டத்தில்’ + வில ‘பார்’) என்றால் காட்டெருமையைப் பார்த்த ஆள். ‘ரெக வெ ஸெவில மி பகெ’ என்றால் காட்டெருமை பார்த்த ஆள். ஓர் அசை எல்லாவற்றையும் தெளிவாக்கிவிடுகிறது.

சரிவு

மொழியின் உயிர் இங்கே இருக்கிறது. சேலம் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டரில், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரில். முப்பது கிலோமீட்டர் சாலையில் 1,200 மீட்டர் ஏற்றம், அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. அந்தச் சாலையில் இடது, வலது, கிழக்கு, மேற்கு எல்லாம் ஒவ்வொரு வளைவிலும் மாறும். மாறாதது ஒன்றே: மேலே எது, கீழே எது. அதை இலக்கணமாக்கினால் என்ன ஆகும் என்பதே ஙெலியின் கேள்வி.

வினைக்கு முன்னொட்டு மூன்று: தி- (மேல்நோக்கி), லு- (கீழ்நோக்கி), ஸெ- (அதே மட்டத்தில்). இது கற்பனைக்கு எட்டாத ஒன்றல்ல. நேபாளத்தின் கிராந்தி மொழிகளில் மேலே வருவதற்கும் கீழே வருவதற்கும் அதே மட்டத்தில் வருவதற்கும் தனித்தனி வினைகள் உண்டு. மெக்சிகோவின் சியாப்பாஸ் மலையில் டெனெஹாபா ஊரார் பேசும் செல்தால் மொழியில் ‘மேட்டுப்பக்கம்’ என்பதே தெற்கைக் குறிக்கும். நிலம் அங்கே தெற்கில் உயர்ந்து வடக்கே சரிகிறது.

இந்த இடத்தில் தமிழ் வேறு விதமாகத் தலைகாட்டியது. ‘மேற்கு’ என்ற சொல்லில் இருப்பது மேல், ‘கிழக்கு’ என்ற சொல்லில் இருப்பது கீழ். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்குக் கடலுக்குச் சரியும் நிலத்தில் நின்று வைத்த பெயர்கள். மலையாளத்திலும் கிழக்கு என்றால் கிழக்குதான், கேரளத்தில் கிழக்குப் பக்கம் மலை நிற்கிறது என்றாலும்கூட. மேற்கை அவர்கள் ‘படிஞ்ஞாறு’, ஞாயிறு படியும் திசை, என்று மாற்றிக்கொண்டார்கள். தமிழுக்கு அந்நியமானது என்று தேடிப்போய் எடுத்த அமைப்பு, தமிழின் திசைப்பெயருக்குள் உறைந்து கிடக்கிறது. மொழியைப் படிப்பவர்கள் இதற்காகச் சற்று நின்று மகிழலாம்.

முதல் வரைவில் எல்லா வினைக்கும் சரிவு முன்னொட்டு கட்டாயம். ‘தூங்கு’, ‘நினை’ ஆகியவற்றுக்குச் சரிவு ஏது? எழுதுபவர் கை தானாக ஸெ- போட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் ஸெ- என்றால் ‘அதே மட்டம்’ என்ற பொருள் கரைந்து, வெறும் அடைப்பாக மாறிவிட்டது. அப்புறம் ‘சமமட்டத்தில் நடந்தான்’ என்று சொல்லவே வழியில்லை. கட்டாயம் என்ற சொல்லை அளந்துதான் பயன்படுத்த வேண்டும். இப்போது வினைகள் மூன்று கட்டு. நகர்தல், கொடுத்தல், பார்த்தல், இருத்தல் என்ற நான்குக்கும் கட்டாயம். பறித்தல், தின்னல், அழைத்தல்போல இடம் சம்பந்தப்பட்டவற்றுக்கு விருப்பம். மனம், உடல் உணர்வு வினைகளுக்குத் தடை.

அடுத்தது, எதிலிருந்து மேலே? ஏற்காட்டு ஏரிக்கரையிலிருந்து பள்ளத்தில் இறங்கி அடுத்த முகட்டில் ஏறினால் அது தி-யா, லு-வா? விதி: வழியைப் பார்க்காதே, புறப்பட்ட இடத்தையும் சேர்ந்த இடத்தையும் மட்டும் பார். இரண்டும் ஒரே உயரம் என்றால் ஸெ-. பார்த்தலுக்கு, பார்ப்பவர் இருக்கும் இடத்திலிருந்து பார்க்கப்படுபவர் இருக்கும் பக்கம்:

திவிலனெ அன இல. நான் உன்னைப் பார்த்தேன் (நீ மேலே இருந்தாய்).
லுவிலனெ இல அன. நீ என்னைப் பார்த்தாய் (நான் கீழே இருந்தேன்).

இந்த இரண்டு வாக்கியத்திலும் ‘மி’ வர முடியாது, யார் யாரைப் பார்த்தார் என்பதைச் சொல்வரிசை மட்டுமே தாங்குகிறது. அவசரத்தில் வரிசை குழம்பினாலும் முன்னொட்டு காப்பாற்றுகிறது. எர்கேட்டிவ் பிளவு விட்ட ஓட்டையைச் சரிவு அடைக்கிறது. இது திட்டமிட்டு வந்ததல்ல, எடுத்துக்காட்டுகளை எழுதும்போதுதான் தெரிந்தது.

‘வா’, ‘போ’ என்று முதல் வரைவில் இரண்டு வேர் இருந்தன. சரிவு வந்தபின் அவை எதற்கு? பேசுபவர் பக்கம், அப்பாற்பக்கம் என்ற தமிழ்ப் பிரிவை எடுத்துவிட்டு ‘ரன’ என்ற ஒரே வேர் வைக்கப்பட்டது.

சமதரையில் என்ன செய்வது? சேலம் நகருக்குள் இருப்பவருக்கு மலை இருக்கும் பக்கம் தி-, அதாவது வடக்கு, சற்றுக் கிழக்கே தள்ளி. ஆனால் மலைக்கு அந்தப் பக்கம், பொம்மிடியில் இருப்பவருக்கு மலை தெற்கே. அவருக்கு தி- என்றால் தெற்கு. இருவரும் ஒரே சொல்லை ஒரே மாதிரி உச்சரித்து, நேர் எதிர்த் திசையைச் சொல்வார்கள். ஓர் ஒலிகூட மாறாமல் இரண்டு வட்டார வழக்கு பிறந்துவிட்டது. மேடைக்கு இது நல்ல வளம் என்பதால் அப்படியே விடப்பட்டது. ஒரே காட்சியில் இரு ஊராரும் வந்தால் மட்டும் எழுதுபவர் ஒரு வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படர்க்கைப் பெயர் கிடையாது. திமெ ‘மேலே உள்ளது, மேலே உள்ளவர்’, லுமெ, ஸெமெ என்ற மூன்றே போதும். பெரியவர்களைத் ‘திமெ’ என்று அழைக்கலாமே என்ற யோசனை வந்தது. நடிகர்களுக்கும் வயதானவரை ‘இல’ என்று நேரே விளிக்கக் கூச்சம், நீ, நீங்க பழகிய நாக்கு அல்லவா. அது மறுக்கப்பட்டது. மேல் என்றால் உயர்வு, கீழ் என்றால் தாழ்வு என்பதை இலக்கணத்துக்குள் ஊற்றினால், அடிவாரத்தில் குடியிருப்பவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் தாழ்ந்தவர் ஆகிவிடுவார். நம் ஊரில் அந்த உருவகம் செய்த கெடுதல் போதும். மரியாதைப் பிரதிப்பெயர் இல்லாதது குறையும் அல்ல. அட்லஸில் இதற்காகப் பார்க்கப்பட்ட 207 மொழிகளில் 136இல் அது இல்லை.

கண்டது, ஊகித்தது, கேட்டது

வினையின் பின்னொட்டு, தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறது: -னெ கண்ணால் கண்டது, -கி தடயத்தால் அறிந்தது, -ரி பிறர் சொல்லக் கேட்டது. காலம் காட்டும் உருபு கிடையாது. நிகழ்ந்துகொண்டிருப்பதற்கு வேரின் முதலசை இரட்டிக்கும்: திரரனனெ பகெ, ‘மேல போயிட்டிருக்கு’. நிகழாததற்கு முன்னால் ‘கெ’ வரும், அப்போது இந்த மூன்று சான்றொட்டுகளில் எதுவும் வராது: கெ திரன அன, ‘மேல போவேன்’.

இந்த மூன்றும் தமிழிலேயே இருக்கின்றன என்பது பிறகுதான் உறைத்தது. காலையில் எழுந்து ஈரத்தரையைப் பார்த்து ‘மழை பெஞ்சிருக்கு’ என்கிறோம், பெய்ததைப் பார்த்திருந்தால் ‘மழை பெஞ்சுது’. ஏற்காட்டிலிருந்து போன் வந்தால் ‘மேல மழை பெஞ்சுதாம்’. வேறுபாடு, தமிழில் வேண்டுமென்றால் சொல்லலாம், ஙெலியில் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் கட்டாயத்தின் விளைவுகளை வரிவரியாகப் பின்தொடர்ந்ததால்தான் இது தமிழின் நகலாகாமல் தப்பியது.

உதாரணமாகப் பசி. முதல் வரைவில் ‘எனக்குப் பசிக்குது’ என்பதுபோலப் பெறுபவர் சொல் ‘ய’ போட்டு எழுதப்பட்டிருந்தது. எனக்குப் பசிக்குது, எனக்குத் தெரியும், எனக்கு வேணும் என்ற அமைப்பு இந்திய மொழிகள் பலவற்றின் பொதுச்சொத்து. உள்ளே இருப்பவர்களுக்கு அது இயற்கை விதிபோலத் தோன்றும். இப்போது பசி தானாக நிகழும் வினை, பெயருக்கு உருபு இல்லை. கூடவே ஒரு விதி: பிறர் உணர்வுக்கு -னெ போட முடியாது.

நமெனெ அன. எனக்குப் பசிக்கிறது.
நமெகி ரெக. அந்த ஆளுக்குப் பசி (முகத்தைப் பார்த்தால் தெரிகிறது).

தன்மையோடு -கி வந்தால், தன்னை அறியாமல் நடந்தது என்று பொருள்: ‘லுரனகி அன’, நான் கீழே நகர்ந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல் சறுக்கியிருக்கிறேன். கேள்வியில் ஒட்டு கேட்பவருடைய சான்றைக் குறிக்கும். ‘ஙி திரனனெ பகெ?’ என்றால் ‘மேலே போனதை நீ பார்த்தாயா?’ ‘ஙி திரனரி பகெ?’ என்றால் ‘போனதாக யாராவது உன்னிடம் சொன்னார்களா?’ எதிர்மறையில் குழப்பம் வரும் இடம் ஒன்று: ‘பெ திரனனெ பகெ’ என்பது ‘போனதை நான் பார்க்கவில்லை’ அல்ல, ‘போகவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன்’. மறுப்பு செயலை மட்டும் தொடும், சான்றைத் தொடாது.

பெயரெச்சத் தொடருக்குள்ளும் முதலில் சான்றொட்டு இருந்தது. ‘தடயத்தால் அறிந்தபடி மேலே போன காட்டெருமை, கேட்டபடி மிளகைத் தின்றது’ என்று வாக்கியம் மூச்சுத் திணறியது. சான்றொட்டு உள்ள மொழிகள் பெரும்பாலும் அதைத் தலைமை வினைக்கே ஒதுக்குகின்றன. அதன்படி உள்தொடரில் நீக்கப்பட்டது: ‘பகெ வெ திரன’.

வினையெச்சச் சங்கிலியும் அப்படியே. தமிழ் ‘மேலே போய், பறித்து, எடுத்துக்கொண்டு வந்தார்’ என்று கோக்கும், கடைசி வினைதான் முழுசு. ஙெலியில் முதல் வினை முழுசு, மற்றவை வெறும் வேர் அல்லது சரிவு மட்டும்:

திரனனெ கமி லுரன ரெக கபி.
(மேல்–நகர்–கண்டது, பறி, கீழ்–நகர், ஆள், காப்பி)
ஆள் மேல போய்க் காப்பி பறிச்சுக் கீழ வந்தார், பாத்தேன்.

இங்கே ஆளுக்கு ‘மி’ ஏன் இல்லை? நகர்தல் தானாக நிகழும் வினை, பறித்தல் பிறிதொன்றைத் தொடும் வினை. இரண்டும் ஒரே பெயரைப் பங்கிடும்போது முதல் வினை சொல்வதே சட்டம். இந்த விதியை எழுதாமல் விட்டால் ஒவ்வொரு நீள வாக்கியத்திலும் ஒவ்வொரு முடிவு வரும்.

சொற்கள்

அகராதி தொடங்க, மொழிகளை ஒப்பிட அடிப்படைச் சொற்களைத் தொகுத்த 207 சொல் கொண்ட சுவதேஷ் பட்டியல் எடுக்கப்பட்டது. கடல், உறைபனி, பனிக்கட்டி மூன்றும் முதலில் போயின. அந்த இடத்தில் முகடு, ஓடைத்தலை, சறுக்கு வந்தன. கடன்சொற்களுக்கு வயது பார்க்க வேண்டும். காப்பிச் செடி சேர்வராயனுக்கு வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில். எனவே ‘கபி’ இருநூறு ஆண்டுச் சொல், பழைய ஒலிமாற்றம் எதற்கும் அது ஆட்பட்டிருக்கக் கூடாது. மாற்றும் முறை: நெடில் குறிலாகும், இரட்டித்த மெய் ஒற்றையாகும், ட தகரமாகும், ள லகரமாகும், ஈற்று உகரமும் ஈற்று மெய்யும் எகரம் ஏற்கும். மிளகு ‘மிலகெ’, ஆரஞ்சு ‘அரன்ஸெ’, பஸ் ‘பஸெ’, ஏற்காடு ‘எரகதெ’.

சேலம் ‘ஸெலமெ’ ஆனது. ஸெ- ‘அதே மட்டம்’, -மெ ‘உள்ளது’ என்று ஙெலி பேசுபவர் அதைப் பிரித்து, ‘மட்டமான ஊர்’ என்று பொருள் கொள்வார். நடுவில் நிற்கும் ‘ல’வை இடச்சொல் என்றும் சொல்லிக்கொள்வார். இப்படித்தான் ஊர்ப்பெயருக்குக் கதை கிளம்பும். தற்செயலாக விழுந்த இதைத் திருத்தாமல் விட்டது நல்ல முடிவு.

எண்களுக்கு இருபதடிமானம் வைக்கலாம், 20 வளைவு இருக்கிறதே என்ற யோசனை தள்ளப்பட்டது. மொழி சாலையைவிட மூத்தது என்று வைத்த பிறகு, அது எண்ணக் கற்றுக்கொண்டது சாலையிடமிருந்து என்று சொல்ல முடியாது.

தமிழ் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை மூன்று படி. முப்பது வாக்கியம் எடுத்து, ஒவ்வொன்றையும் உறுப்பு உறுப்பாகப் பிரித்து, உறுப்புக்கு நேர்கீழே தமிழ் உறுப்பை எழுது. எல்லா உறுப்புக்கும் ஒன்றுக்கொன்று இணை கிடைத்தால் அது மொழி அல்ல, தமிழுக்குப் போட்ட முகமூடி. இரண்டாவது, தமிழில் ஒரே சொல் பல வேலை செய்யும் இடங்களைத் தேடு: ‘அடி’, ‘பிடி’, ‘விடு’, ‘போடு’. பிடி என்ற சொல் பூனையைப் பிடிக்கவும், இட்லி பிடிக்கவும், சளி பிடிக்கவும் ஙெலியிலும் ஒரே வேராக இருந்தால் உடனே பிரி. ஙெலியில் மூன்றுக்கும் ஒரே வேர்தான் இருந்தது. மூன்றாவது, வாய்விட்டுப் படிக்கச் சொல். தாளில் இருக்கும் வேறுபாடு வாயில் இல்லையென்றால் அது மொழியில் இல்லை.

இன்னும் தீராத ஒன்று ‘இருத்தல்’. மெத என்ற வேருக்குச் சரிவு கட்டாயம் என்பதால், ‘பெட்டியில் காப்பி இருக்கிறது’ என்றாலும் பெட்டி மேலேயா கீழேயா என்று சொல்லியாக வேண்டும். மேடையில் பெட்டி கையில் இருக்கிறது. இப்போதைக்கு ஸெமெதனெ கபி என்றே எழுதப்படுகிறது, ஸெ- மறுபடி அடைப்பாகக் கரையும் ஆபத்து அங்கே இருக்கிறது. கையில் உள்ளதற்கு முன்னொட்டில்லாத தனி வேர் ஒன்று வைப்பது அடுத்த வரைவின் முதல் வேலை.